எஸ்ஜிபிடி 72-ன்னு ரிப்போர்ட் வந்தா பயப்படணுமா? ரத்தத்தில் இருக்கும் என்சைம்கள் உண்மையில் சொல்வது என்ன?

ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் ஹெல்த் செக்கப், அல்லது ஆப்பில் ஆஃபர் போட்டதால் புக் செய்த 'ஃபுல் பாடி' பேக்கேஜ். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால், சாயங்காலமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பத்து, பன்னிரண்டு பக்கம். அதில் ஒரு வரி மட்டும் சிவப்பு எழுத்தில்: எஸ்ஜிபிடி 72. பக்கத்திலேயே 'நார்மல்: 45-க்குள்'.

அடுத்த அரை மணி நேரம் எப்படிப் போகும்னு பலருக்கும் தெரியும். கூகுளில் தேடினால் நாலாவது வரியிலேயே சிரோசிஸ் வந்துவிடும். ரீல்ஸில் ஒருத்தர் 'லிவர் டீடாக்ஸ்' பவுடர் விற்பார். கூட வேலை பார்ப்பவர், 'எனக்கு 90 இருந்துச்சு, ஒண்ணும் ஆகல, விடு' என்பார். இந்தப் பயம், அலட்சியம் இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அந்த 72 எதை அளக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால், ரிப்போர்ட்டில் இருக்கும் மற்ற பல எண்களும் புரிய ஆரம்பிக்கும்.

ரத்தத்தில் என்சைமுக்கு என்ன வேலை?

என்சைம், அதாவது நொதி என்பது உடலுக்குள் நடக்கும் ரசாயன வேலைகளை வேகப்படுத்தும் புரதம். ஒரு வாய் சோற்றை ரொம்ப நேரம் மென்றால் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்சைம் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது.

ரத்தத்தில் இருக்கும் என்சைம்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகைக்கு ரத்தம்தான் வேலை பார்க்கும் இடம். கையை வெட்டிக்கொண்டால் ரத்தத்தை உறையவைப்பது த்ராம்பின். வேலை முடிந்தபின் அந்தக் கட்டியைக் கரைப்பது பிளாஸ்மின். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமும் இந்த வகைதான். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடலுக்குள் போனால் இந்த என்சைம் முடங்கிவிடும். அதனால்தான் பூச்சிமருந்து விஷத்தில் வருபவர்களுக்கு டாக்டர்கள் இதன் அளவைப் பார்க்கிறார்கள். இந்த வகை என்சைம்கள் *குறைந்தால்* பிரச்சினை.

இரண்டாவது வகைக்கு ரத்தத்தில் வேலையே கிடையாது. அவை கல்லீரல், தசை, கணையம் போன்ற உறுப்புகளின் செல்களுக்குள் இருக்க வேண்டியவை. செல்லின் சுவர் பழுதானாலோ, செல் செத்துப்போனாலோ வெளியே கசிந்து ரத்தத்தில் கலக்கின்றன. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, சிபிகே, லைபேஸ் எல்லாம் இந்த வகை. இவை *கூடினால்* எங்கேயோ கசிவு என்று அர்த்தம்.

ஆரோக்கியமான உடலிலும் தினமும் கொஞ்சம் செல்கள் சாகும், புதிது வரும். அதனால் இந்த என்சைம்கள் கொஞ்சம் எப்போதும் ரத்தத்தில் இருக்கும். நார்மல் அளவு பூஜ்யமாக இல்லாததற்கு அதுதான் காரணம்.

72 என்பது எடையா, எண்ணிக்கையா?

இரண்டும் இல்லை, வேகம். லேபில் எஸ்ஜிபிடியைத் தனியாகப் பிரித்து எடை போடுவதில்லை. அது செய்யும் வேலையைச் செய்யவிட்டு, எவ்வளவு சீக்கிரம் செய்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றினால் அது ஒரு யூனிட். '72' என்றால் ஒரு லிட்டர் சீரத்தில் 72 யூனிட்.

எஸ்ஜிபிடியின் வேலை, அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பைருவேட்டாக மாற்றுவது. லேபில் சேர்க்கும் இன்னொரு என்சைம், அந்தப் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும். இந்த இரண்டாவது கட்டத்தில் செலவாகும் ஒரு பொருள் 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சக்கூடியது. அது குறையக் குறைய ஒளி அதிகம் ஊடுருவும். மெஷின் அளப்பது இந்த மாற்றத்தின் வேகத்தைத்தான். முறையும் மெஷினும் லேபுக்கு லேப் மாறலாம், 'நார்மல்' எல்லையும் மாறும். ஒரு லேபில் 40, இன்னொன்றில் 55 என்று போட்டிருப்பது இதனால்தான். முடிந்தவரை ஒரே லேபில் எடுத்து ஒப்பிடுவது நல்லது.

கல்லீரல் டெஸ்ட் ஹார்ட் அட்டாக்கில் தொடங்கிய கதை

1954-ல் நியூயார்க்கில் ஜான் லாட்யூ, ஃபெலிக்ஸ் ரோப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மன் ஆகிய மூன்று மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஹார்ட் அட்டாக் வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்சைம் ஏறி, சில நாட்களில் இறங்கியது. செத்த இதயத் தசையில் இருந்து கசிந்தது அது. உறுப்பைத் திறக்காமல், ஒரு சொட்டு ரத்தத்தில் உள்ளே நடந்த சேதத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் கல்லீரல் நோய்களிலும் இந்த என்சைம்கள் ஏறுவது தெரிந்தது.

ஆனா எஸ்ஜிஓடிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது இதயத்தில் இருக்கிறது, கல்லீரலில் இருக்கிறது, கை கால் தசையில் இருக்கிறது, ரத்தச் சிவப்பணுவிலும் இருக்கிறது. கசிவு தெரியும், எந்த வீட்டில் கசிகிறது என்று தெரியாது. இதயத்துக்கு அடுத்து சிபிகே, அதன்பின் சிபிகே-எம்பி வந்தன. இன்று ஹார்ட் அட்டாக்கை உறுதிசெய்யப் பார்ப்பது ட்ரோபோனின். அது என்சைமே கிடையாது, இதயத் தசையின் ஒரு புரதம். கசிவைத் தேடும் அதே யோசனை, கூடுதல் துல்லியத்தோடு.

சில ரிப்போர்ட்டுகளில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்று இருக்கும். குழம்ப வேண்டாம். எஸ்ஜிஓடியின் புதுப்பெயர் ஏஎஸ்டி, எஸ்ஜிபிடியின் புதுப்பெயர் ஏஎல்டி.

எது ஏறினால் எங்கே பார்க்கணும்?

* எஸ்ஜிபிடி: பெரும்பாலும் கல்லீரல். ஆயிரக்கணக்கில் ஏறினால் தீவிர வைரல் ஹெபடைடிஸ், பாராசிட்டமால் ஓவர்டோஸ், கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவது போன்றவற்றை உடனே பார்ப்பார்கள். சில பத்துகள் கூடுதல் என்றால் கொழுப்பு கல்லீரல்தான் அடிக்கடி காணப்படும் காரணம்.
* எஸ்ஜிஓடி: கல்லீரல், தசை, இதயம், சிவப்பணு. எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மதுவால் வந்த பாதிப்பைச் சந்தேகிப்பார்கள். டெங்குவிலும் எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி அதிகம் ஏறுவது வழக்கம்.
* ஏஎல்பி: பித்தநாளம், எலும்பு. வளரும் பிள்ளைகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் இது கூடுதலாக இருப்பது இயல்பு.
* ஜிஜிடி: பித்தநாளம், மது, சில மருந்துகள். ஏஎல்பியோடு இதுவும் சேர்ந்து ஏறினால் பிரச்சினை எலும்பில் இல்லை, கல்லீரல் பக்கம் என்று புரியும்.
* லைபேஸ், அமைலேஸ்: கணையம். மேல்வயிற்றில் கடுமையான வலியோடு, நார்மல் எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் கணைய அழற்சி.
* சிபிகே: தசை.

ஜிம்முக்குப் போனால் எஸ்ஜிபிடி ஏறுமா?

ஏறும். பலருக்குத் தெரியாத விஷயம் இது. பழக்கமில்லாதவர் ஞாயிற்றுக்கிழமை கடுமையாக வெயிட் தூக்கிவிட்டு, புதன்கிழமை ரத்தம் கொடுத்தால் சிபிகே ஆயிரத்தைத் தாண்டலாம். தசையில் எஸ்ஜிஓடி நிறையவும், எஸ்ஜிபிடி கொஞ்சமும் இருப்பதால் அவையும் சேர்ந்து ஏறும். ஒரு வாரம் வரைகூட இறங்காமல் இருக்கலாம். கல்லீரலில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே 'லிவர் டெஸ்ட்' தப்பாகக் காட்டும். இந்தச் சந்தேகம் வந்தால் டாக்டர் சிபிகேயையும் ஜிஜிடியையும் பார்ப்பார். தசை அடிபட்டால் சிபிகே ஏறும், ஜிஜிடி அசையாது.

செக்கப்புக்கு முந்தைய ஒரு வாரம் புது வொர்க்கவுட்டோ, மாரத்தான் ஓட்டமோ வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் உடற்பயிற்சிக்குப் பின் தாங்கமுடியாத தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது தசை பெரிய அளவில் சிதைவதன் அறிகுறி. சிறுநீரகத்தைப் பாதிக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போதோ, லேபுக்கு எடுத்துப்போகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலும் எஸ்ஜிஓடி, எல்டிஎச் இரண்டும் பொய்யாகக் கூடும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு சாம்பிள்' என்று குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பெயர் 'ஃபங்ஷன் டெஸ்ட்'. அளப்பது ஃபங்ஷனையா?

இங்கேதான் பெரிய குழப்பம். எல்எஃப்டி, அதாவது லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் என்ற பெயரைக் கேட்டால், எஸ்ஜிபிடி கல்லீரலின் வேலைத்திறனுக்கான மார்க் என்று தோன்றும். அது வெறும் கசிவின் அளவு. கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்வது அதே ரிப்போர்ட்டில் இருக்கும் வேறு எண்கள்: கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் புரதம், அது வெளியேற்ற வேண்டிய பிலிருபின், தனியாக எடுக்கும் ஐஎன்ஆர் என்ற ரத்த உறைவு டெஸ்ட்.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும்.

ஒன்று, எஸ்ஜிபிடி 300 இருந்தும் ஆல்புமின், பிலிருபின், ஐஎன்ஆர் எல்லாம் சரியாக இருந்தால், கல்லீரல் அடிபட்டிருக்கிறது, ஆனால் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. காரணத்தைத் தேட நேரம் இருக்கிறது.

இரண்டு, இது இன்னும் ஆபத்தானது. எஸ்ஜிபிடி 28, 'நார்மல்' என்று வந்தும் உள்ளே சிரோசிஸ் இருக்கலாம். வருடக்கணக்கில் சேதமாகி, செல்கள் இருந்த இடத்தில் தழும்பு வந்துவிட்டால், கசிய அங்கே அதிகம் செல் இருக்காது. அதேபோல, கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும் நோயாளிக்கு எஸ்ஜிபிடி மளமளவென்று இறங்கினால் குடும்பம் சந்தோஷப்படும். ஐஎன்ஆரும் பிலிருபினும் ஏறிக்கொண்டே இருந்தால் டாக்டர் கவலைப்படுவார். அது குணமாவதால் வந்த இறக்கமா, சாக மீதி செல் இல்லாததால் வந்த இறக்கமா என்று எஸ்ஜிபிடி மட்டும் சொல்லாது.

ஐடி வேலையில் இருப்பவர்கள் ஏன் இதைக் கவனிக்கணும்?

ஹைதராபாத்தில் 345 ஐடி ஊழியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2025-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்தது. அவர்களில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு அளவுக்கு மேல் இருந்தது. 71 சதவீதம் பேருக்கு உடல் பருமன். ஒரே நகரம், சில நூறு பேர் என்பதால் இந்த எண்ணை நாட்டில் உள்ள எல்லா ஐடி ஊழியருக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான எய்ம்ஸ் மருத்துவர்களின் கணக்கும், பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்குக் கொழுப்பு கல்லீரல் என்கிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்த வேலை, நைட் ஷிஃப்ட், நேரம் தவறிய சாப்பாடு எல்லாம் இதற்குத் தோதானவை.

கொழுப்பு கல்லீரல் இருக்கும் பலருக்கு எஸ்ஜிபிடி லேபின் எல்லைக்குள்ளேயே இருக்கும். அந்த எல்லையே கொஞ்சம் தாராளமானது என்ற விவாதமும் உண்டு. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் அமைப்பான ஏசிஜி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆரோக்கியமான ஆணுக்கு ஏஎல்டியின் மேல் எல்லை 29 முதல் 33, பெண்ணுக்கு 19 முதல் 25 மட்டுமே.

அப்படியென்றால் எதை வைத்துத் தீர்மானிப்பது? உங்கள் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். பெயர் ஃபிப்-4. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கும் வாய்ப்பை அது மதிப்பிடுகிறது.

வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

உதாரணமாக வயது 38, எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 72, பிளேட்லெட் 2.4 லட்சம், அதாவது 240 ஆயிரம் என்றால், விடை சுமார் 0.7. பொதுவாக 1.3-க்குக் கீழ் என்றால் கடுமையான தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை. டெங்கு மாதிரி காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கி, எஸ்ஜிஓடி ஏறி இருக்கும்போது போட்டாலும் தப்பான விடைதான் வரும்.

நிறைய டெஸ்ட் எடுத்தால் நல்லதுதானே?

பெரும்பாலான டெஸ்ட்டுகளின் 'நார்மல்' எல்லை, ஆரோக்கியமான 100 பேரில் நடுவில் வரும் 95 பேரை வைத்து முடிவு செய்யப்பட்டது. மீதி 5 பேர் நோய் இல்லாமலேயே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் ஏதாவது ஒன்றாவது சிவப்பில் வர சுமார் 64 சதவீதம் வாய்ப்பு. 80 டெஸ்ட் இருக்கும் பேக்கேஜில் ஒன்றிரண்டு சிவப்பு வரிகள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, 72 வந்துடுச்சு. இப்போ என்ன செய்யணும்?

* மறுபடியும் எடுங்கள். லேசான உயர்வு, உடலில் வேறு தொந்தரவு இல்லை என்றால், டாக்டரிடம் கேட்டுச் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்கலாம். ரத்தத்தில் எஸ்ஜிபிடி பாதியாகக் குறைய சுமார் இரண்டு நாள் ஆகும். கசிவு நின்றிருந்தால் அதற்குள் அளவு இறங்கியிருக்கும். அதுவரை மது வேண்டாம்.
* சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். காசநோய் மருந்து, வலிப்பு மருந்து, பாராசிட்டமால், ஜிம் சப்ளிமென்ட், கஷாயம், லேகியம் எல்லாமே. 'இயற்கை மருந்துதானே' என்று விட்டுவிடாதீர்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, சீந்தில் பாதுகாப்பானது என்றது. அடுத்த ஆண்டு, நாட்டின் 13 மருத்துவ மையங்களில் இருந்து 43 பேரின் விவரம் வெளியானது. 'லிவர் டீடாக்ஸ்' பவுடர் வாங்கும் முன் இதை யோசியுங்கள்.
* டாக்டர் எழுதிய மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரையில் லேசான உயர்வு வந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையிருக்காது. காசநோய் மருந்து சாப்பிடும்போது வாந்தி, பசியின்மை, மஞ்சள் கண் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் கேளுங்கள். இரண்டும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியவை. ஹெபடைடிஸ் சி பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. மத்திய அரசு 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டெஸ்ட்டும் சிகிச்சையும் இலவசம்.
* கொழுப்பு கல்லீரல் என்றால் முதல் மருந்து எடைக்குறைப்பு. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் குறையும். 80 கிலோ உள்ளவருக்கு அது 6 முதல் 8 கிலோ. கூடவே சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிபி மூன்றையும் பார்க்க வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், பேச்சில் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம். இவற்றில் எது இருந்தாலும் எஸ்ஜிபிடி எண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாக பிபி கூடியிருக்கும்போது இந்த என்சைம்கள் ஏறினால் அதே நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் உடனே போகணும். முதல் நாளில் என்சைம் நார்மலாகவே இருக்கலாம். அதற்கான மாற்று மருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இதெல்லாம் இல்லாமல் வெறும் 72 மட்டும் என்றால், இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் எடுத்த ரிப்போர்ட்டுகளை மெயிலில் தேடி எடுத்து, எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிளேட்லெட், எடை இந்த நான்கையும் தேதிவாரியாக ஒரே பேப்பரில் எழுதுங்கள். 34, 51, 72 என்று ஏறிக்கொண்டே வருவதும், 30, 32 என்று இருந்து இந்த முறை மட்டும் 72 ஆனதும் டாக்டருக்கு இரண்டு வேறு கதைகள். அந்தப் பேப்பரோடு போனால், அவர் கேட்கும் முதல் சில கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கும்.